தோல் நோய் ஒன்றும் மாந்தர் இனங்களும்

மாணவ மாணவியரே, வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நோய்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு நோயை மனிதர் எப்படிக் கண்டனர், எதனோடு குழப்பினர், யாரைக் குற்றஞ் சாட்டினர், பின்பு எவ்வாறு தெளிந்தனர் என்று பார்த்தால், ஒரு காலத்து மக்களின் அறிவையும் அறியாமையையும் ஒருங்கே அறியலாம். இன்று அத்தகைய நோய் ஒன்றை எடுத்துக்கொண்டு, 'இனம்' என்னும் சொல்லை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதைச் சிந்திக்க விரும்புகிறேன்.

நோயின் பெயர் சொரியாசிஸ். காளாஞ்சகப்படை என்றும் செதில்படை என்றும் நம் நாட்டில் வழங்குவர். நம் மேல்தோல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் பிறக்கும் அணு மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் கண்ட இடத்தில் இந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் அடுக்கடுக்காகக் குவிந்து வெள்ளிநிறச் செதில்களாகப் படிகின்றன. இது தொற்றுநோய் அன்று. தொட்டாலும் வராது; உடன் உண்டாலும் வராது. உடலின் காவற்படையாகிய நோயெதிர்ப்பு அமைப்பு, பகைவன் இல்லாத இடத்தில் போர் தொடங்குவதால் வருவது இது.

இதன் பல வடிவங்களுள் மிக அரியதும் மிகக் கொடியதுமான ஒன்று உண்டு. காய்ச்சலும் நடுக்கமும் திடீரென்று தோன்றும். உடலெங்கும் தோல் சிவந்து எரியும். அதன்மேல் ஊசிமுனை அளவான சீழ்க்கொப்புளங்கள் நூற்றுக்கணக்கில் எழும்பி, ஒன்றோடொன்று கூடிச் சீழ்க்குளங்களாகும். வியப்பு என்னவெனில், அந்தச் சீழை எடுத்து ஆராய்ந்தால் கிருமி எதுவும் காணப்படுவதில்லை. அங்கே கூடியிருப்பவை உடலின் சொந்த வெள்ளணுக்களே. இதைச் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் என்பர். உரிய சிகிச்சை கிடைக்காவிடில் உயிருக்கே உலை வைக்கும் நோய் இது.

பழைய கிரேக்கர் செதில் உதிரும் தோல் நோய்களுக்கு 'லெப்ரா' என்றும், அரிப்பு நோய்களுக்கு 'சோரா' என்றும் பெயரிட்டனர். பிற்காலத்தில் தொழுநோய்க்கும் 'லெப்ரா' என்ற பெயரே வழங்கலாயிற்று. பெயர்க் குழப்பம் நோய்க் குழப்பமாயிற்று. நோய்க் குழப்பம் மனிதக் கொடுமையாயிற்று. தொழுநோயாளர் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களுள் சொரியாசிஸ் உள்ளவர்களும் இருந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இரண்டு நூற்றாண்டுகளுக்குமுன் முயன்றவர் இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன். 1808-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் தோல் நோய்களை அவற்றின் உருவத்தைக்கொண்டு வகைப்படுத்தினார். ஆயினும் சொரியாசிஸின் ஒரு வடிவத்துக்கு 'லெப்ரா' என்ற பெயர் அவர் நூலிலும் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்த முடிச்சை 1841-இல் அவிழ்த்தவர் வியன்னா நகரத்து பெர்டினாண்ட் வான் ஹெப்ரா. இரண்டு பெயரால் வழங்கியது ஒரே நோய்தான், அது தொழுநோய்க்கு முற்றிலும் வேறானது என்று அவர் நிறுவினார். 1873-இல் நார்வே நாட்டு பெர்கன் நகரில் ஆன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது, இரண்டு நோய்களுக்கும் இடையிலிருந்த வேலி உறுதியாயிற்று.

ஏட்டில் எழுந்த வேலி மக்கள் மனத்தில் எழ நெடுங்காலம் ஆகும். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முழங்கைகளிலும் தலையிலும் சொரியாசிஸ் கண்டது. அவனுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, அவனைத் தனியே உட்கார வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். 'பெருவியாதி' என்று அவர்கள் தாழ்ந்த குரலில் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. ஊர் மருத்துவரை அழைத்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசச் செய்தேன். அவர் அந்தப் பையனின் பெயரைச் சொல்லாமல், நோயைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் விளக்கினார். பெரும்பாலோர் தெளிந்தனர். ஒரு தந்தை மட்டும் தம் மகனை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போனார். 1841-இல் வியன்னாவில் தீர்ந்த வழக்கு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து எங்கள் ஊரில் மீண்டும் விசாரணைக்கு வந்தது என்றே சொல்ல வேண்டும்.

இனிச் சீழ்க்கொப்புள வடிவத்தின் வரலாற்றுக்கு வருவோம். ஹெப்ராவே 1872-இல், கருவுற்றிருந்த ஐந்து பெண்களுக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளம் எழுந்ததை எழுதிவைத்தார். அந்த ஐவருள் நால்வர் மாண்டனர். கருவுற்ற காலத்தில் தோன்றும் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸே அது என்று இன்று பெரும்பாலான மருத்துவர் கொள்கின்றனர். பின்னர் 1910-இல், லியோ வான் சும்புஷ் என்ற மருத்துவர், உடன்பிறந்த ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இந்நோய் கண்டதை விரிவாக வரைந்தார். இன்றும் மருத்துவ நூல்களில் இந்நோய்க்கு அவர் பெயர் வழங்குகிறது. சும்புஷ் ஒரு சிற்பியின் மகன். வியன்னாவில் நிற்கும் மரியா தெரேசா பேரரசியின் நினைவுச் சின்னத்தை வடித்தவர் அவருடைய தந்தையே. மகன் மியூனிக் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியராகவும், 1932-இலும் 1933-இலும் அதன் தலைவராகவும் விளங்கினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் தம் பதவியை இழந்தார்.

உடன்பிறந்த இருவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் குடும்பத்தில் ஓடக்கூடும் என்பதற்கான குறிப்பு முதல் ஏட்டிலேயே இருந்தது. அந்தக் குறிப்பின் பொருள் விளங்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையில் மருத்துவர் வேறொரு வேலையில் ஈடுபட்டனர். எந்த மக்களிடம் சொரியாசிஸ் மிகுதி, எந்த மக்களிடம் குறைவு என்று எண்ணத் தொடங்கினர். நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே வட அட்லாண்டிக் கடலில் பாரோ தீவுகள் என்ற சிறு தீவுக்கூட்டம் உண்டு. லோம்ஹோல்ட் என்ற டென்மார்க்கு மருத்துவர் அங்கே ஏறத்தாழ 11,000 பேரை நேரில் பரிசோதித்து, 1963-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நூற்றுக்கு 2.8 பேருக்குச் சொரியாசிஸ் இருந்தது. அதே காலப் பகுதியில் வெனிசுவேலா நாட்டு மருத்துவர் ஜசிண்டோ கான்விட், தென்னமெரிக்கப் பழங்குடி மக்கள் 25,000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். அவர்களுள் ஒருவருக்கும் சொரியாசிஸ் காணப்படவில்லை. நார்வேயின் வடகோடியிலுள்ள டிரோம்சோ நகரில், தமக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் சொரியாசிஸ் வந்ததுண்டு என்று கூறியோர் 1979-80-இல் நூற்றுக்கு 4.8 பேர், 2007-08-இல் 11.4 பேர். ஜப்பானிலோ நூறு பேருக்கு அரைப்பேர்கூட இல்லை.

இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், 'சொரியாசிஸ் வெள்ளையர் நோய்' என்று எளிதில் முடிவுகட்டி விடுவர். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் சீழ்க்கொப்புள வடிவத்தை எண்ணியபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஜப்பானில் பத்து லட்சம் பேருக்கு 7.46 நோயாளர் என்று 1990-களில் கணக்கிட்டனர். பிரான்சு நாட்டில் 2006-இல் வெளியான கணக்கில் பத்து லட்சம் பேருக்கு 1.76 பேர்தான். சாதாரணச் சொரியாசிஸ் குறைந்த நாட்டில் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் மிகுந்திருந்தது! ஒரே நோயின் இரண்டு வடிவங்கள் என்றால், ஒன்று மிகும் இடத்தில் மற்றதும் மிகவேண்டும் அன்றோ? இந்தப் புதிரை எவ்வாறு விடுவிப்பது?

கணக்கைப் படிக்குமுன், கணக்கு எடுத்த விதத்தைப் படிக்க வேண்டும். இது வரலாற்று மாணவன் மறக்கக்கூடாத விதி. ஜப்பானிய அரசு இந்நோயைக் கடினமான அரிய நோய்களின் பட்டியலில் சேர்த்து, நோயாளருக்குச் செலவில் உதவி வழங்குகிறது. உதவி கிடைக்கும் நாட்டில் நோயாளர் பெயரைப் பதிவு செய்துகொள்வர். பதிவேடு இல்லாத நாட்டில், நோய் இருந்தும் எண்ணிக்கையில் ஏறாது. மேலும், கொப்புளம் ஒருமுறை வந்தாலே இந்நோய் என்று கொள்வதா, மீண்டும் மீண்டும் வரவேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு இலக்கணம் வேறுபட்டது. ஆகவே 7.46-க்கும் 1.76-க்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் குருதியின்மேல் ஏற்றுவது பிழை. எனினும் எண்ணும் முறையால் மட்டும் விளங்காத ஒரு மிச்சமும் இருந்தது. அதற்கான விடை எதிர்பாராத ஒரு நாட்டிலிருந்து வந்தது.

வட ஆப்பிரிக்காவில் மத்தியதரைக் கடலோரம் துனீசியா என்ற நாடு உள்ளது. அங்கே உறவுமுறைத் திருமணம் வழக்கம். துனீசிய மருத்துவர்களும் பாரிஸ் நகரத்து ஆய்வாளர்களும் கூடி, சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் பலருக்குக் கண்ட ஒன்பது துனீசியக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். நோயுற்றவர் அனைவரிடமும் இரண்டாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஒரே பிழை இருந்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் 27-ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டும். அவர்களுக்கு அங்கே புரோலின் இருந்தது. ஓர் எழுத்துப் பிழையால் ஒரு சொல்லே பொருளிழந்தது போன்ற நிலை.

அந்தப் புரதம் செய்யும் வேலை என்ன? நம் தோலில் இன்டர்லூகின்-36 என்ற தூதுப் பொருள் உண்டு. அது அணுக்களின்மேல் உள்ள பூட்டில் சாவிபோல் நுழைந்து, 'பகைவன் வந்துவிட்டான், வெள்ளணுக்களை அனுப்புக' என்று முரசறைகிறது. முரசு ஓயாமல் ஒலித்தால் நாடு தாங்குமா? ஆதலால் இயற்கை ஒரு வெற்றுச் சாவியையும் படைத்திருக்கிறது. அது பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது; மெய்ச்சாவிக்கு இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கும். துனீசியக் குடும்பங்களில் பழுதுபட்டிருந்தது இந்த வெற்றுச் சாவியே. தடுப்பார் இல்லாத முரசு ஒலித்துக்கொண்டே இருக்க, வெள்ளணுக்கள் தோலை நோக்கித் திரண்டு சீழ்க்கொப்புளங்களாயின. கிருமி இல்லாத சீழின் மர்மம் இவ்வாறு துலங்கிற்று.

அதே 2011-ஆம் ஆண்டில், துனீசியர்களோடு உறவில்லாத பிரிட்டிஷ் நோயாளர் சிலரிடமும் இதே மரபணு பழுதுற்றிருப்பது தெரிந்தது. ஆனால் பிழை வேறிடத்தில், புரதத்தின் 113-ஆம் இடத்தில் இருந்தது. ஜப்பானியரிடமும் சீனரிடமும் தேடியபோது அங்கும் அதே மரபணு. பிழையோ மூன்றாவது ஓர் இடத்தில். கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் அந்தப் பிழை, மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தில் நேர்ந்த ஒற்றை எழுத்து மாற்றம். 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர் மேலும் ஒரு தெளிவு தந்தனர். சாதாரணச் சொரியாசிஸ் இல்லாமல் சீழ்க்கொப்புளம் மட்டுமே வந்த 11 நோயாளருள் 9 பேரிடம் இந்த மரபணு பழுதுற்றிருந்தது. இரண்டும் கலந்து வந்த 20 பேருள் 2 பேரிடமே அது காணப்பட்டது.

இப்போது நம் புதிர் விடுபடுகிறது. ஒரு பெயரால் வழங்கினாலும், இவை பெரும்பாலும் வேறு வேறு வேர்களிலிருந்து எழுந்தவை. சாதாரணச் சொரியாசிஸுக்கு அடிப்படையாக அமையும் முதன்மையான மரபணுக் கூறு ஆறாம் குரோமோசோமில் உள்ளது. ஐரோப்பியரிடம் அது மிகுதி, ஜப்பானியரிடம் குறைவு. சீழ்க்கொப்புள வடிவமோ அதைச் சார்ந்து நிற்பதில்லை. ஆகவே ஒன்று மிகும் இடத்தில் மற்றது குறைவதில் முரண் எதுவும் இல்லை.

அப்படியானால் இந்நோய் இனத்தால் வருவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். முன்பு ஒரு காலத்தில், ஓர் ஊரில், ஒரு மூதாதையரிடம் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தது. அவர் வழிவந்தோர் அந்தப் பிழையைச் சுமந்தனர். மலையோ கடலோ பாலையோ அந்த மக்களைப் பிறரிடமிருந்து பிரித்தபோது, அல்லது அவர்கள் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டபோது, அந்தப் பிழை அங்கேயே சுழன்றது. இது வம்சாவளியின் கதை. தோலின் நிறத்துக்கும் கண்ணின் வடிவத்துக்கும் இதில் பங்கில்லை. துனீசியாவின் பிழை துனீசியரின் குணம் அன்று. அந்தக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்து மட்டுமே.

2012-இல் வெளிவந்த மற்றொரு கண்டுபிடிப்பு இதை இன்னும் நன்றாக விளக்குகிறது. பதினேழாம் குரோமோசோமில் உள்ள வேறொரு மரபணு, வட ஐரோப்பிய வழிவந்த ஒரு குடும்பத்திலும் தைவான் தீவின் ஒரு குடும்பத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பழுதுற்றிருந்தது. இருவருக்கும் பொது மூதாதையர் வழியாக அது வரவில்லை, தனித்தனியே நேர்ந்தது. அதே மரபணுவில் மற்றொரு பிழை, ஹெய்தி நாட்டு வழிவந்த ஒரு குழந்தைக்குக் கடுமையான சீழ்க்கொப்புளச் சொரியாசிஸை உண்டாக்கியது. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல், அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றிய பிழை அது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்க வழியினர் என்று மூன்று திசை மக்களும் ஒரே மரபணுவின் வாயிலில் வந்து நிற்பதைக் காணும்போது, இனம் என்ற சொல் எவ்வளவு சிறுத்துப் போகிறது, பாருங்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தமிழ்நாட்டில் மாமன் மகளை, அத்தை மகனை மணப்பது நெடுநாள் வழக்கம். முதலில் கண்ட மரபணுவின் பழுது ஒருவரிடம் ஒரு பிரதி அளவில் இருந்தால் பெரும்பாலும் நோய் தெரிவதில்லை. தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக இரண்டு பழுதுகள் கூடும்போதே நோய் வெளிப்படுகிறது. பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவுமுறைத் திருமணம் நோயை உண்டாக்குவதில்லை. மறைந்து கிடக்கும் இரண்டு பழுதுகள் சந்திக்கும் வாய்ப்பைப் பெருக்குகிறது. இதை அச்சத்தோடு அன்று, அறிவோடு நினைத்துப் பார்க்க வேண்டும்.

மரபணு மட்டுமே நோயை மூட்டுவதும் இல்லை. மரபணு வைக்கோற்போர் என்றால், தீப்பொறி வெளியிலிருந்து வருகிறது. தொண்டைத் தொற்று ஒரு பொறி. கருவுற்ற காலம் ஒரு பொறி. ஸ்டீராய்டு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது மற்றொரு பொறி. மலாயரும் சீனரும் தமிழரும் கலந்து வாழும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் 102 நோயாளரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், ஸ்டீராய்டு மருந்தே முதன்மையான தூண்டுகோலாகக் குறிக்கப்பட்டுள்ளது. மருத்துவரைக் கேளாமல் இம்மருந்தை உண்பதும், கேளாமல் நிறுத்துவதும் எத்துணை ஆபத்து என்பதை உங்கள் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, தோலின் நிறம் உண்மையில் எங்கே முக்கியமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோய் வருவதில் அன்று, நோயைக் காண்பதில்! 'சிவந்த தோல்' என்று மேனாட்டு நூல்கள் எழுதுகின்றன. படங்களும் வெளிறிய தோலையே நெடுங்காலம் காட்டிவந்தன. நம்மவர் கருந்தோலில் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தோன்றும். சிலபோது தோன்றாமலும் ஒளிந்துகொள்ளும். படத்தை மட்டும் பார்த்துப் பயின்றவர் நேரில் நோயைத் தவறவிடக்கூடும். உங்களுள் மருத்துவம் பயிலப் போகும் மாணவர், தம் மக்களின் தோலில் நோய் எப்படித் தோன்றும் என்பதைத் தம் கண்ணாலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

பழுதின் இடம் தெரிந்தபின் மருந்தும் வந்தது. வெற்றுச் சாவி இல்லாவிட்டால், பூட்டையே மூடிவிட்டால் என்ன என்று ஆய்வாளர் எண்ணினர். அவ்வாறு செய்யும் ஸ்பெசோலிமாப் என்ற ஊசி மருந்தை, துனீசியா, ஜப்பான், மலேசியா, பிரான்சு முதலிய 12 நாடுகளில் 53 நோயாளரிடம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். மருந்து பெற்ற 35 பேருள் நூற்றுக்கு 54 வீதத்தினருக்கு ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளங்கள் மறைந்தன. மருந்து போன்ற வெறுநீர் பெற்ற 18 பேருள் நூற்றுக்கு 6 வீதத்தினருக்கே அவ்வாறு ஆயிற்று. 2022-இல் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை இதற்கு ஒப்புதல் அளித்தன. ஹெப்ரா கண்ட ஐவருள் நால்வர் மாண்ட 1872-ஐ நினைத்துப் பார்த்தால், மனித அறிவு நடந்துவந்த தூரம் விளங்கும்.

இந்த வெற்றியில் யார் யாருக்குப் பங்கு? செல்வ நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்குப் பங்குண்டு, ஐயமில்லை. ஆனால் முதற்கதவைத் திறந்தவை துனீசியாவின் ஒன்பது குடும்பங்கள். அவர்கள் தந்த குருதித் துளிகளால் ஜப்பானியரின் நோயும் பிரிட்டிஷாரின் நோயும் விளங்கின. மக்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை ஆராய்வது தவறன்று. அந்த ஆராய்ச்சி இல்லாமல் இந்த மருந்தே பிறந்திராது. வேறுபாட்டைக் கண்டு ஒருவரை ஒதுக்குவதற்குப் பயன்படுத்தினால் அது அறியாமை. அதைக்கொண்டு அனைவருக்கும் பொதுவான உண்மையைத் தேடினால் அது அறிவியல். இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு, இனி வரும் தலைமுறையாகிய உங்களுடையது.